டாக்டர் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன்

நான் பொய் சொன்னேன். என் மனைவி செல்வராணிக்குப் போடவேண்டிய தடுப்பூசியை அவளுக்கே தெரியாமல் தடுத்தவன் நான்தான்.

உங்களிடம் சொல்லிவிட்டேன்... அவளிடம் சொல்ல இன்னும் துணிவில்லை.

அவள் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்காமல் போகவே, பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் புதிய மாத்திரை எழுதினார்கள். டாக்டர் சிங்களத்தில் பேசினார். அவளுக்கு அது அவ்வளவாக விளங்காது. தலவாக்கலையில் துணிக்கடையில் நின்று சிங்களவரோடும் பேசிப் பழகிய எனக்கு நன்றாக விளங்கும்.

இந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், ஆகவே முதலில் நிமோனியாவுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், அதில் உயிருள்ள கிருமி இல்லை, பயப்பட வேண்டாம் என்று அவர் பொறுமையாகவே விளக்கினார்.

நான் நம்பவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதும் இவர்கள், ஊசி போடுவதும் இவர்களா? தோட்டத்து ஆள் என்றால் எதையும் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமோ? அவருடைய சிரிப்பைக்கூடச் சந்தேகித்தேன்.

"என்னங்க சொல்றாரு?" என்று கேட்டாள்.

"மாத்திரைய ஒழுங்கா போடச் சொல்றாரு. வேற ஒண்ணுமில்ல."

ஊசிக்கு எழுதிக் கொடுத்த துண்டை வெளியே வந்ததும் கிழித்தெறிந்தேன்.

மழைக்காலத்தில் நிமோனியா வந்தது. பன்னிரண்டு நாள் ஒட்சிசன் குழாயோடு கிடந்தாள். வார்டில் வேறொரு டாக்டர், ஊசி போடவில்லையா என்று என்னிடம் கேட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்! அவள்தான் வேண்டாமென்றாள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அவளைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்தார். தனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றெண்ணி, அவள் படுத்தபடியே அவரைக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடு... நான் என்ன மனிதன்?

உயிர் பிழைத்தாள். ஆனால் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, வேலைக்குப் போவதில்லை. இப்போது என் சந்தேகமெல்லாம் அவள்மீது. பேசாமலிருந்தால், தெரிந்துவிட்டதோ என்று நினைக்கிறேன். தமிழும் பேசுகிற பக்கத்துவீட்டுச் சிங்களப் பெண் குமாரியோடு அவள் சிரித்தால், என்னைப் பற்றித்தானோ என்று காது கொடுக்கிறேன்.

போன மாதம் கிளினிக் நாளன்று நான் புறப்பட்டு நின்றேன்.

"நீங்க கடைக்குப் போங்க. நான் குமாரியோட போயிட்டு வர்றேன்" என்றாள்.

மாலையில் திரும்பியவளின் இடது தோளில் சிறு பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஊசியா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. சோற்றைப் போட்டு என் முன்னே வைத்துவிட்டு, எதிரில் அமர்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.