நெவென்காவுக்கு வந்த காய்ச்சல்

ஜாக்ரெப் நகரத்தில் டிராம் ஓட்டிய நாளெல்லாம் நெவென்கா யாருக்கும் பயந்தவள் இல்லை. தண்டவாளத்தில் காரை நிறுத்தியவன் அமைச்சர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து அவன் பரம்பரையையே விசாரிப்பாள். அப்படிப்பட்டவளை ரத்தப் புற்றுநோய் ஆட்டிவைத்தது. இரண்டு முறை கீமோ கொடுத்தும் அது திரும்பி வந்தது. கடைசியாக, அவள் ரத்தத்திலிருந்தே காவல் அணுக்களை எடுத்து, புற்றைத் தேடி அடிக்கப் பழக்கி, மறுபடி உடம்பில் ஏற்றினார்கள்.

"இதுவும் பலிக்கலன்னா?" என்று கேட்டாள். டாக்டர் கையெழுத்துப் போடவேண்டிய தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அந்த அணுக்கள் வெறி பிடித்தால் மூளையையும் விட்டுவைக்காது. முதல் அடையாளம் காய்ச்சல். வந்தால் உடனே ஓடி வரவேண்டும், கை வைத்தியம் கூடவே கூடாது என்று வீட்டுக்கு அனுப்பும்போது அவள் புருஷன் ஸ்டிபானிடம் சொன்னார்கள். தலையை ஆட்டினான். தலையாட்ட அவனுக்கா சொல்லித்தர வேண்டும்!

நான் எதிர் வீடு, அவளோடு அதே டெப்போவில் டிராம் ஓட்டியவள். ஒரு ஞாயிறு மத்தியானம் சூப் கொண்டு போனேன். ஸ்டிபான் கதவைத் திறந்ததும் பிளம் சாராய நெடி குப்பென்று அடித்தது. குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். உள்ளே பார்த்தால், படுத்திருந்த நெவென்காவின் கால்களில் சாராயத்தில் நனைத்த காலுறைகள். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு இப்படித்தான் செய்வார்கள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"லேசா சூடு. தேய்ச்சுவிட்டேன், இறங்கிடுச்சு. எங்கம்மா எங்க எல்லாரையும் இப்படித்தான் காப்பாத்தினாங்க."

"உங்கம்மா பார்த்தது சளிக்காய்ச்சல்! எப்ப இருந்து சூடு?"

"காலையில இருந்து."

போனை எடுத்தேன். நெவென்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"வச்சிடு யத்ராங்கா. நான்தான் வேணாம்னேன். பக்கத்துப் படுக்கைக்காரி காய்ச்சல்னுதான் ஐசியூ போனா. மறுநாள் அவ படுக்கையைத் துடைச்சு வேற ஆளைப் போட்டாங்க. நான் வரமாட்டேன்."

"மண்டை தெளிவா இருக்கா உனக்கு?"

"உன்னைவிடத் தெளிவு."

"அப்ப சாவா பாலத்துல இருந்து நம்ம டிராம் ஸ்டாப்பெல்லாம் சொல்லு பாப்போம்."

தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பாள். சிரித்துக்கொண்டே தொடங்கினாள். "சாவா பாலம், வெஸ்லாச்கா, ப்ரிசாவ்லியே, வியெஸ்னிக்…" நிறுத்தினாள். "வியெஸ்னிக்," என்றாள் மறுபடியும். உதடு அசைந்தது. "வியெஸ்னிக்." சிரிப்பு போய்விட்டது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கண்களில் இருந்த பயத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்குள் பேச்சே நின்றுவிட்டது. நர்ஸ் ஸ்டிபானைக் காட்டி, "இவர் யாரும்மா?" என்று கேட்டாள். நெவென்கா அவனையே பார்த்தாள்.

"நான்தாண்டி. பேரை மட்டும் சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லு," என்று கெஞ்சினான். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கொண்டு போனதும் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள் நான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்த அணுக்களின் வெறி அடங்க மருந்து ஏற்றினார்கள். பிழைப்பாளா, பிழைத்தாலும் பேச்சு வருமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். பிறகு ஒரு காலை, சத்தம் வராத குரலில் தண்ணீர் கேட்டாள். சில வாரம் கழித்துச் செய்த சோதனையில் புற்று தெரியவில்லை. இனி வராது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

"அன்னைக்கு என்னையே அடையாளம் தெரியல இவளுக்கு!" என்று ஸ்டிபான் இப்போது போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அவளும் சிரிப்பாள். அவன் ரொட்டி வாங்கப் போன ஒரு நேரத்தில்தான் என்னிடம் சொன்னாள்.

"எனக்கு அவனைத் தெரிஞ்சுதுடி. பேரும் தெரிஞ்சுது. அவன் அழுது அழுது கேக்கறான், நான் உள்ள இருந்து ஸ்டிபான் ஸ்டிபான்னு கத்திக்கிட்டே இருக்கேன். வெளிய ஒண்ணுமே வரல. அவன்கிட்ட சொல்லிடாத. மறந்துட்டேன்னே நினைச்சுக்கட்டும்."