மேலே முதல், கீழே நாலாவது

இன்று காலை கணினியைத் திறந்தால், நேற்றுவரை மேலே வரிசையாக இருந்த மெனுவைக் காணோம். தானாகவே புதுப்பித்துக்கொண்டதாம், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு கடிதத்தை அச்செடுக்க அரை மணி நேரம் துழாவினேன். "உனக்கு வயசாயிடுச்சும்மா" என்றான் மகன். வயசாம்! கடைசியில் பிரின்டரிலிருந்து சூடாக வந்த தாளின் வாசனை என்னைத் திருக்கழுக்குன்றத்தில் கொண்டுபோய் விட்டது.

அங்கே தேரடிப் பக்கம் ஒரு டிடிபி சென்டர். முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். நானும் சரோஜா அக்காவும் அங்கே தட்டச்சு வேலை பார்த்தோம். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்த கடை அது. செருப்போடு உள்ளே வந்தால் வைரஸ் வரும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்.

அக்காவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. மெனுவில் எது எத்தனையாவது என்று எண்ணி வைத்திருந்தார். மேலே முதல், கீழே நாலாவது என்றால் சேமிப்பு. எல்லாவற்றையும் இப்படியே மனப்பாடம் செய்து, என்னைவிட வேகமாக முடித்துவிடுவார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சில வருஷம் கழித்து முதலாளி தட்டச்சு மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றினார். மெனு போயே போச்சு! அந்த இடத்தில் படம் படமாக ஒரு பட்டை. அக்கா எதை எண்ணுவார்? இரண்டு நாள் தடுமாறினார்.

"புச்சா வந்துகீது, கத்துக்கோ. இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

இரண்டு பெண்களையும் அந்த வேலையை வைத்துத்தான் அக்கா படிக்க வைத்துக்கொண்டிருந்தார். "நான் மக்காயிட்டனாடி?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, நீங்களே ஒக்காந்து ஒரு பக்கம் பிரின்ட் எடுங்க, பாப்போம்" என்றேன் முதலாளியிடம்.

பத்திரிகை வாங்க வந்த பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். திரையின் ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்ததுபோல ஒரு உருண்டை. அச்சடிக்கும் கட்டளையை அதற்குள் ஒளித்து வைத்திருந்தார்கள், பாவிகள்! வேர்த்துப்போய் எழுந்தார்.

"இன்னாடா இது பேஜாரு! பழசையே போட்டுடும்மா."

பழைய சிடியை உடனே எடுத்துப் போட்டேன். அக்கா பழையபடி எண்ண ஆரம்பித்தார். மக்கு யார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அதில் சந்தேகமில்லை.

இப்போது சிடி போட இடமே கணினியில் இல்லை. போகட்டும். இதை மாற்றியவனை நாற்காலியில் உட்கார வைத்து, "நீயே எடு, பாப்போம்" என்று கேட்கலாமென்றால், எதிரில் ஆளே இல்லையே!