பூஜ்யம் காட்டிய ஃபங்ஷன்

கனகத்துக்கு வயது நாற்பத்து மூன்று. சோமனூரில் வீடு. மகள் பிறந்ததும் விட்ட வேலையைப் பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடி பிடித்தவள். சரவணம்பட்டியில், நூற்பு இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனியில் டெஸ்டர்.

அந்த மாதம் அவளிடம் சோதனைக்கு ஒரு கர்னல் டிரைவர் வந்தது; இயந்திரத்தின் பாகங்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மென்பொருள். இயந்திரம் ஓடும்போது யாராவது அதன் கதவைத் திறந்தால் இந்த டிரைவர் மோட்டாரை நிறுத்த வேண்டும். தொழிலாளியின் விரல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நிஜக் கதவையே இரண்டு நாளில் முந்நூறு தடவை திறந்து மூடினாள். மோட்டார் ஒவ்வொரு தடவையும் நின்றது.

புதன்கிழமை கவரேஜ் ரிப்போர்ட் வந்தது. எந்த ஃபங்ஷன், அதாவது நிரலின் எந்தச் சிறு பகுதி, எத்தனை முறை ஓடியது என்று எண்ணிக் காட்டும் அந்த ரிப்போர்ட்டில், கதவைச் சரிபார்க்கும் ஃபங்ஷனுக்கு நேராகப் பூஜ்யம்.

மேனேஜர் பாலகோபால் சத்தம் போடுகிறவர் அல்ல. "ஏனுங்க கனகம், கதவத் தெறந்து பாத்தீங்கதானுங்களே?" என்றார்.

முந்நூறு தடவை என்றாள். கதவு திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கத் தனியாக ஒரு ரிலே உண்டே, மோட்டாரை அதுவே நிறுத்தியிருக்கலாமே என்று அவர் கேட்டார்.

டிரைவரை எழுதிய சசிதர், அந்த ஃபங்ஷன் ஓடியிருக்கும் என்றான். ஆதாரம் அவனிடமும் இல்லை. கனகம், சசிதர் எழுதியதைக் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றி வைத்திருந்த ஃபைலையே திறந்து வரிவரியாகப் பார்த்தாள். அந்த ஃபங்ஷனை அழைக்கும் வரியையே காணோம். அழைக்க வேண்டிய இடத்தில் அதன் ஐந்தாறு வரிகள் அப்படியே இருந்தன. சின்ன ஃபங்ஷன்தானே என்று, வேகத்துக்காகக் கம்பைலர் அதை அங்கேயே பதித்துவிட்டிருந்தது. மற்ற ஃபைல்களுக்காகத் தனியாக ஒரு பிரதியும் இருந்தது. கவரேஜ் கருவி எண்ணியது யாரும் அழைக்காத அந்தப் பிரதியை மட்டும்தான்.

சோதனைக்கு மட்டும் அப்படிப் பதிக்க வேண்டாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் ஒரு சொல்லை நிரலில் சேர்க்கும்படி சசிதரிடம் சொன்னாள். டிரைவரை மறுபடி பில்ட் செய்து ஏற்றியதும் பாலகோபாலை இயந்திரத்தடிக்கு அழைத்து வந்து கதவைத் திறந்தாள். திரையில் அந்த ஃபங்ஷனின் எண்ணிக்கை ஒன்று. மூடித் திறந்தாள். இரண்டு.

பத்தாவது தடவை அவர் கை காட்டி நிறுத்தினார். "போதுமுங்க. நாந்தான் அவசரப்பட்டுக் கேட்டுப்போட்டேன்."

கனகம் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். "இன்னும் பதினோரு ஃபங்ஷன் பூஜ்யமுன்னு நிக்குதுங்க. அதையும் பாத்துப்போடறேனுங்க," என்றாள்.

சாயங்காலத்துக்குள் பார்த்தும் முடித்தாள். ஒன்பது இதே கதை. இரண்டு மட்டும் நிஜமாகவே அவள் சோதிக்காமல் விட்டவை. அதை மறைக்காமல் எழுதிக் கொடுத்தாள். நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்றார் பாலகோபால்.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தது வரைதான் அவளுக்கு நினைவு. சோமனூரில் கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினாள்.