செஞ்சிக் கோட்டையும் ஒரு போலி மெமரி கார்டும்

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு அமாவாசை நாளில் செஞ்சிக்குப் போனேன். அன்று அமாவாசை என்பது கிளம்பும்போது தெரியாது. புதுக் கேமராவுக்காக இணையத்தில் வாங்கிய மெமரி கார்டைத் திருப்பித் தர ஏழு நாள் கெடு. அதில் பாதிக்கு மேல் டூட்டியிலேயே போய்விட்டது. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். நைட் டூட்டி முடித்து, குளித்து, இரண்டு இட்லி தின்றுவிட்டுத் தூங்காமலே பஸ் ஏறினேன். படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும்.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் 38 கிலோமீட்டர், அங்கிருந்து செஞ்சி 28. திண்டிவனத்தில் செஞ்சி பஸ்ஸுக்குள் நுழையவே முடியவில்லை. மஞ்சள் புடவைகள், எலுமிச்சை மாலைகள், கைக்குழந்தைகள். “இன்னாம்மா, அமாவாசையும் அதுவுமா உக்கார எடம் கேக்கிற? எல்லாம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டம்” என்றார் கண்டக்டர். கேமரா பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றபடியே போனேன். படம் எடுக்கப் போகிறவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர் இருக்கும், திருவண்ணாமலை சாலையில். ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். கோட்டைக்கு நுழைவுச்சீட்டு இருபத்தைந்து.

இனி கார்டு விஷயம். என் கேமராவில் இரண்டு கார்டு போடலாம். முதல் இடத்தில் அந்தப் புது 256 ஜிபி கார்டு. கடைத்தெருவில் 64 ஜிபிக்குச் சொன்ன விலையில் இணையத்தில் கிடைத்தது. இரண்டாவது இடத்தில், பழைய சின்னக் கேமராவில் கிடந்த 4 ஜிபி கார்டு. ‘ரா’ கோப்புகள் புதியதிலும் ஜேபெக் கோப்புகள் பழையதிலும் சேரும்படி அமைத்துக்கொண்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரா என்பது சமைக்காத அரிசி மாதிரி. கேமரா பார்த்தது மொத்தமும் அதில் இருக்கும், வெளிச்சத்தையும் நிறத்தையும் பிறகு கணினியில் நாமே சரிசெய்துகொள்ளலாம். ஜேபெக் வடித்த சோறு. அப்படியே பரிமாறலாம், மாற்றுவதற்கு அதிகம் இல்லை. என் கேமராவில் ஒரு ரா கோப்பு கிட்டத்தட்ட 27 எம்பி. ஜேபெக் அதில் மூன்றில் ஒரு பங்கு.

கோட்டையின் பெரிய மலையான ராஜகிரியின் உச்சி வரை ஏறினேன் என்று எழுத ஆசைதான். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கண் எரிந்தது, பாறை அனலாகக் கொதித்தது. எனக்குப் பின்னால் வந்த காலேஜ் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே மேலே போனார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்மலையை எடுத்தேன், வயல்களை எடுத்தேன், அலுத்துப்போய்க் குரங்குகளைத் தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளினேன். கார்டைச் சோதிக்கத்தானே வந்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இறங்கினேன்.

கோட்டை அடிவாரத்திலுள்ள கல்யாண மகாலுக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. இரண்டாவது கார்டு நிறைந்துவிட்டது என்று கேமரா மறுத்தது. ரா மட்டும் முதல் கார்டில் விழட்டும் என்று அமைப்பை மாற்றிவிட்டு மகால் நிழலில் சாய்ந்தேன். அப்போதுதான் ஒரு பெண் வந்தாள்.

“அக்கா, நீங்க போட்டோகிராபரா?”

இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் ஒரு வயதுகூட நிறையாத பெண் குழந்தை. இந்தப் பதிவில் அவளை ரேவதி என்கிறேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், ஊரைச் சொல்லவில்லை. சற்றுத் தள்ளி அவள் கணவன், பிரபு என்று வைத்துக்கொள்வோம், தண்ணீர் பாட்டிலோடு நின்றான். அவனுக்கும் அப்பால், தூண் மறைவில், முக்காடு போட்ட ஒரு அம்மா.

“அது எங்கம்மா. கல்யாணம் ஆயி ரெண்டு வருசம் கழிச்சி இன்னிக்குத்தான் என்னப் பாக்க வந்திருக்குது. கொழந்தைய இப்பத்தான் மொத மொத பாக்குது. நைனாவுக்குத் தெரியாது. மேல்மலையனூருக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்குது.”

ரேவதியும் பிரபுவும் வேறு வேறு சாதி. எந்தெந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதிவுத் திருமணம், பிறகு வேறு ஊரில் குடித்தனம்.

“ஒரே ஒரு போட்டோ எடுத்துத் தரீங்களாக்கா? போன்ல எடுக்க உட மாட்டேங்குது.”

அந்த அம்மா என் அருகே வந்து கேமராவை ஏற இறங்கப் பார்த்தார். “பேப்பர்ல போடுறவங்களா நீங்க?”

“இல்லம்மா. நர்ஸு. சும்மா பொழுதுபோக்குக்கு எடுக்கிறேன்.”

“போன்ல எடுத்தா அடுத்த நிமிசம் ஊர் பூரா சுத்தும். என் பசங்க ரெண்டு பேரு கண்ணுல பட்டுதுன்னா என்னை உடு, இந்தப் புள்ளய உட மாட்டாங்க” என்று பிரபுவைக் கண்ணால் காட்டினார். “இதுலேர்ந்து போவாதுல்ல?”

“போகாதும்மா. பிரிண்ட் போட்டுக் கையில குடுத்துடறேன்.”

பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். அந்த அம்மா குழந்தையை வாங்கவே இல்லை. ரேவதியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, ஆதார் அட்டைக்கு உட்கார்ந்தவர் மாதிரி நின்றார். பிறகு, சேர்ந்து போனால் யாராவது பார்ப்பார்கள் என்று தனி ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். போகும்போது மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: “எளச்சிட்டியே. சாப்டியா?”

நாங்கள் மூவரும் குழந்தையோடு கடைத்தெருவுக்கு வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஸ்டூடியோ. அதன் உரிமையாளர் கார்டைக் கணினியில் செருகினார். “இது இன்னா ஃபைலும்மா? என் சிஸ்டம் எடுக்காது. ஜேபெக் இல்லியா?” என்றார். நான் அமைப்பை மாற்றிய பிறகு எடுத்தவற்றுக்கு ஜேபெக் இல்லை. பரவாயில்லை, கேமராவிலேயே ராவை ஜேபெக்காக மாற்றித் தருகிறேன் என்று கார்டை வாங்கிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். எதிர்மலை வந்தது. வயல் வந்தது. குரங்கு பாதி வந்தது, மீதி சாம்பல் நிறம். அதற்குப் பிறகு எல்லாமே சாம்பல். ‘இந்தப் படத்தைக் காட்ட முடியவில்லை.’ கடைசி வரை அதேதான்.

கார்டு போலி. உள்ளே எட்டு ஜிபிதான் இருந்திருக்கிறது, வெளியே அச்சடித்த எண் பொய். நிறைந்த பிறகும் அது கேமராவிடம் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும், எதையும் வாங்காது. எடுத்தவுடன் திரையில் தெரிவது கேமரா தன் நினைவிலிருந்து காட்டுவது. கார்டில் விழுந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது. இதெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். பதியாத படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ரேவதி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. எனக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“பஸ்சு இன்னும் எடுத்திருக்க மாட்டான்” என்றான் பிரபு. “நீங்க போங்க. நான் வரல, என்னைப் பாத்தா பிரச்சினை.”

ஓடினோம். ஓடிக்கொண்டே நான்கு ஜிபி கார்டிலிருந்து குரங்குகளை அழித்தேன். ராவை நிறுத்தினேன், ஜேபெக் மட்டும், பழைய கார்டில் மட்டும். ஒரு மாட்டு வண்டியை எடுத்து, கேமராவை அணைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தேன். படம் இருந்தது.

பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார், மடியில் கடைத்தெருவில் வாங்கிய குங்குமமும் எலுமிச்சம்பழமும். கோயிலுக்குப் போய்வந்ததற்கு அத்தாட்சி. பக்கத்தில் அவர் வயதுள்ள இன்னொரு பெண்மணி. ரேவதி குழந்தையோடு டீக்கடை மறைவில் நின்றுவிட்டாள். நான் மட்டும் சன்னல் அருகே போனேன்.

“அம்மா, படம் பதியல. கார்டு கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்குங்க.”

அவர் என்னையே பார்த்தார். “திருப்பி எடுக்கணுமா?”

“எடுக்கலாம். ஆனா இங்க...”

பக்கத்துப் பெண்மணி எட்டிப் பார்த்தார். “யாரு இது? இன்னா படம்?” என்றவரின் கண் என்னைத் தாண்டி டீக்கடைப் பக்கம் போய் நின்றது. அடுத்த வீட்டுக்காரராம், நிஜமாகவே மேல்மலையனூர் போய்த் திரும்புகிறவராம், பிறகு தெரிந்தது. ரேவதியைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர்.

அந்த அம்மா குங்குமத்தைச் சீட்டில் வைத்தார். எழுந்தார். இறங்கினார். நேரே டீக்கடைக்கு நடந்து, ரேவதியின் இடுப்பிலிருந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். முக்காடு தோளில் விழுந்தது. குழந்தை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. “உடுடி, உடுடி, ரத்தம் வந்துடப்போவுது” என்று சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். சுற்றிலும் சனம். நான் எடுத்தேன். வெயில் நேர் உச்சியில், முகத்தில் பாதி நிழல். ராவில் எடுத்திருந்தால் நிழலைக் கொஞ்சம் தூக்கியிருக்கலாம். அதைப் பற்றி அப்போது நினைக்கக்கூட இல்லை.

“எம்மா, ஏறுறியா இல்லியா?” கண்டக்டர் விசில் அடித்தார்.

பதில் சொன்னது அந்த அம்மா இல்லை. அடுத்த வீட்டுப் பெண்மணி, குங்குமத்தையும் எலுமிச்சம்பழத்தையும் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி வந்தார். “நீ போப்பா. நாங்க அடுத்ததுல வரோம்.” பிறகு தோழியின் காதருகே, எனக்கும் கேட்கும்படி: “ரெண்டு பேரும் கோயில்ல ஒண்ணாதான் இருந்தோம், இன்னா? தனித்தனியா போய் எறங்கினா நம்புவாங்களா?” குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, “அப்படியே உன் மூக்கு” என்றார்.

ஸ்டூடியோவில் பெரிய படம் ஒன்று போட்டு ரேவதியிடம் கொடுத்தேன். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பாஸ்போர்ட்டு சைசுல ஒண்ணு கெடைக்குமா? வீட்ல இத வெக்க எடம் இல்ல.” சின்னதாக ஒன்று போட்டோம். ரேஷன் கார்டு உறைக்குள், அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

அவர்களை அனுப்பிவிட்டு நான் பஸ் பிடிக்கும்போது மூன்றரை. உட்கார இடம் கிடைத்தது. திண்டிவனம் வந்து கண்டக்டர் தட்டி எழுப்பும்வரை ஒன்றும் தெரியாது. புதுச்சேரி வந்து, கால் கழுவக்கூட இல்லாமல் படுத்தேன்.

செஞ்சிக்கோ வேறு எங்கோ புதுக் கேமராவோடு போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். கார்டை நம்பகமான கடையில் பில்லோடு வாங்குங்கள். சந்தை விலையில் கால்வாசிக்குக் கிடைத்தால் அது கால்வாசிக் கார்டுதான். வீட்டிலேயே கணினியில் முழுக்க நிரப்பிச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிவு தெரியும், மலை ஏற வேண்டியதில்லை. பெரிய கார்டு ஒன்றைவிட நடுத்தரமான 64 ஜிபி கார்டுகள் இரண்டு மேல். வீடியோ எடுப்பீர்கள் என்றால் மேலே, எழுதும் வேகத்தைக் குறிக்கும் வி30 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கார்டைக் கேமராவுக்குள் வைத்தே ஃபார்மட் செய்யுங்கள். மலை, கோபுரம் என்றால் ரா எடுங்கள். மனிதர்களுக்கு அங்கேயே படம் தர வேண்டும் என்றால் ஜேபெக்கும் சேர்த்து எடுங்கள். நடுநடுவே பழைய படத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். கோட்டைக்குக் காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள், தூங்கிவிட்டுப் போங்கள்.

அந்தப் படத்தை ஏன் இங்கே போடவில்லை என்று கேட்பீர்கள். ஸ்டூடியோ வாசலில் அந்த அம்மா என் கேமராவைத் தொட்டு, “இதுக்குள்ள இன்னும் இருக்குதா?” என்றார். இருக்கிறது என்றேன். “அழிச்சிடுங்கம்மா.” ரேவதியைப் பார்த்தேன். தலையசைத்தாள். அவர் கண்ணெதிரே அழித்தேன், கடைக்காரரும் தன் கணினியில் அழித்தார். இரண்டு பிரதி வை, மூன்று பிரதி வை என்று எல்லோருக்கும் சொல்கிறவள் நான். நான் எடுத்ததில் நல்ல படம் அதுதான், என்னிடம் அது இல்லை.

இரண்டு மாதம் கழித்து, இதை எழுதலாமா என்று கேட்க ரேவதியைப் போனில் கூப்பிட்டேன். எழுதுங்கக்கா என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: “போன அமாவாசைக்கும் அம்மா வந்துச்சிக்கா. கோட்டைக்கு இல்ல. அடுத்த வீட்டு அத்தையக் கூட்டிக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கே வந்துடுச்சி.”