காதைத் தொட்டால் ஒண்ணாம் வகுப்பு

எழுபதுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம். அப்போது நாங்கள் சித்தூரில் குடியிருந்தோம். என் கணவர் சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஓடுகிற பஸ்ஸில் டிரைவர். விடியற்காலை போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எங்களுக்கு ஒரே பெண். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அந்த நாளை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

நான் நகரி பக்கத்துக் கிராமத்தில் தமிழில் ஐந்தாவது வரை படித்தவள். தெலுங்கில் பேசச் சொன்னால் மார்க்கெட்டையே விலை பேசிவிடுவேன். எழுதிக் காட்டினால் திருதிருவென்று விழிப்பேன். எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கு. எங்களுக்கு எட்டிய தூரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தது சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த ஆரம்பப் பள்ளி ஒன்றுதான். என் கணவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"சர்ச் இஸ்கூல்ல எடம் கெடைச்சா சரி. இல்லன்னா திருத்தணில எங்கக்கா வூட்ல வுட்டுடலாம். அங்க இருந்துக்கினு தமிழ்லயே படிக்கட்டும்."

என் நாத்தனார் தங்கமானவர், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது விஷக் காய்ச்சல் வந்து, பிழைப்பாளா மாட்டாளா என்று இருந்து மீண்டவள். அவள் பக்கத்தில் படுத்து மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தே எனக்குப் பழகிவிட்டது. அவளை ஊர் விட்டு ஊர் அனுப்பிவிட்டு நான் எப்படி இருப்பேன்? அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அந்தப் பள்ளியில் சேர்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அந்தச் சர்ச் சபையைச் சேர்ந்த பிள்ளைகள். அடுத்து, அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிற பிள்ளைகள். மிச்சம் இடம் இருந்தால்தான் எங்களைப் போன்ற வெளியாட்கள். இந்த வரிசையில் எங்கே நின்றாலும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பரீட்சை இருந்தது. அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் வீட்டில்தான் பிறந்தோம். பிறந்த தேதி கேட்டால், ஏரி உடைந்த வருஷம், மாமன் கல்யாணத்துக்கு அடுத்த மாசம் என்றுதான் பதில் வரும். அதனால் குழந்தை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம், ஒண்ணாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிடுவார்கள்.

என் பெண்ணுக்கு வயது நிறைந்துவிட்டது, பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு பூஞ்சையாகவே நின்றுவிட்டது. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்துக் கையைத் தூக்கச் சொல்வேன். விரல் காதுக்கு மேலேயே நின்றுவிடும். நானே பிடித்து இழுப்பேன். "வலிக்கிதும்மா, கை பிஞ்சிடும்" என்று அழுவாள். சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே நானும் அழுவேன்.

இதற்கு நடுவில் என் கணவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் பள்ளிக்கூடம் போகும் முன் அவள் பிறந்த முடியைத் திருப்பதி மலையில் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அதுவரை கத்தியே படாமல் அடர்ந்து, உச்சியில் கொண்டையாகக் கட்டியிருந்த முடி அது. அந்த வாரம்தான் அவருக்கு லீவு கிடைத்தது. அட்மிஷனுக்கு முந்தின நாள் மலைக்குப் போக வேண்டும் என்கிறார்!

"இன்னாங்க நீங்க, சர்ச்சு பள்ளிக்கூடத்துக்கு மொட்டையும் சந்தனமுமா இட்டுக்கினு போனா கேட்டுலயே தொரத்திட மாட்டாங்களா? அட்மிஷன் முடியட்டும், அப்பறம் போலாம்" என்று கத்தினேன்.

"சாமிகிட்ட இஸ்கூலுக்கு முன்னாடின்னு சொல்லிட்டேன். இப்ப பின்னாடின்னா அது என்னா பேச்சு?" என்றார். அவரிடம் அதற்கு மேல் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று.

போனோம், முடி கொடுத்தோம், கும்பிட்டோம், இரவே திரும்பினோம். பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கிவிட்டாள். மறுநாள் காலையில் அந்தச் சந்தனத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மஞ்சளாக ஒரு நிழல் போகவே இல்லை. கடைசியில் என் பழைய பட்டு ரவிக்கைத் துணியை முக்கோணமாக மடித்துத் தலையில் கட்டி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, "யார் கேட்டாலும் காதுவலின்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்து அழைத்துப்போனேன். ஜூன் மாத வெயிலில் பட்டுத் துணி! என் புத்தியை என்னவென்று சொல்வது?

பள்ளி வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. ஒண்ணாம் வகுப்பு நடப்பது சர்ச்சின் பாட்டுக்காரர்கள் அறையில். ஞாயிற்றுக்கிழமை பாட்டு, மற்ற நாட்களில் பாடம். அறையோ சின்னது, அதிலும் ஒரு மூலையை ஆர்மோனியமும் அதை வைத்த பெரிய மேஜையும் அடைத்துக்கொண்டிருந்தன. மிச்சத் தரையில் பாய் விரித்து எத்தனை குழந்தைகள் உட்கார முடியுமோ அத்தனை பேருக்குத்தான் இடம். வாசலில் நாற்காலி போட்டு வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் சபை மூப்பர் ஒருவர். பளபளவென்று வழுக்கைத் தலை, கடுகடுவென்று முகம். ஆர்மோனியம் வாசிப்பவரும் அவர்தான். ஒரு குழந்தை ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஆர்மோனியப் பெட்டி இருந்த அந்த மேஜையைத் தொட்டதற்கே, "ஏய், பொட்டிமேல கை வெக்காத!" என்று ஒரு அதட்டல் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தன் பையனோடு நின்றிருந்தாள். சபையைச் சேர்ந்தவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. பையனுக்கு அடர்த்தியான சுருட்டை முடி. அதை எண்ணெய் போட்டு, குருவிக்கூடு மாதிரி உச்சிக்குத் தூக்கி வாரிவிட்டிருந்தாள். என் பெண் அரிக்கிறது அரிக்கிறது என்று நெளிய ஆரம்பித்தாள். அந்தப் பெண் குனிந்து, "இன்னாடி கண்ணு, வேர்க்கிதா?" என்று முடிச்சை இளக்கினாள். நான் தடுப்பதற்குள் துணி நழுவியது. மொட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவளோ ஒன்றும் கேட்காமல், தன் புடவைத் தலைப்பால் என் பெண்ணின் தலையை ஒற்றிவிட்டு, துணியைத் திரும்பத் தளர்வாகக் கட்டிவிட்டாள். "மூச்சு வுட எடம் குடுக்கணும்க்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவள் கதையைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறதாம், வருகிற திங்கட்கிழமை சேர வேண்டுமாம், வீட்டில் பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம்.

வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். மூப்பர் எழுந்து, "ஒரே ஒரு எடந்தான் கீது. மொதல்ல சபைப் பிள்ளை" என்றார். அவ்வளவுதான், திருத்தணி பஸ் என் கண் முன்னால் வந்து நின்றது.

உள்ளே பெரிய டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். பையனைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். அவன் கையைத் தூக்கினான். விரல் காதுக்கு எட்டவில்லை. எக்கினான், தலையைச் சாய்த்தான். "சாய்க்கக் கூடாதுப்பா, நேரா நில்லு" என்றார் டீச்சரம்மா. எட்டவே இல்லை. அவன் அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்மா. அடுத்த வருஷம் வா" என்று சொல்லும்போது டீச்சரம்மாவின் குரலும் இறங்கித்தான் போயிருந்தது.

அடுத்து நாங்கள். "தலைத்துணியை எடும்மா, கை போகணுமே" என்றார். "காதுவலி டீச்சரம்மா" என்று நான் ஆரம்பிப்பதற்குள் என் செல்ல மகள் தானே துணியை உருவிப் போட்டுவிட்டு, "நேத்து மலைல சாமிக்கு முடி குடுத்துட்டோம். நைனா லட்டு வாங்கிக் குடுத்தாரு" என்று கணீரென்று சொன்னாள். மூப்பர் தொண்டையைக் கனைத்தார். நான் கீழே கிடந்த துணியை அவசரமாகப் பொறுக்கினேன்.

"கையைத் தூக்கு" என்றார் டீச்சரம்மா.

தூக்கினாள். வழுவழுவென்ற மொட்டைமேல் கை சறுக்கிக்கொண்டு போய் இடது காதைப் பிடித்தது. தொட்டது மட்டுமல்ல, நன்றாகத் திருகியே காட்டினாள்! இத்தனை நாள் குறுக்கே நின்றது அவள் வயது அல்ல, பிறந்ததிலிருந்து வெட்டாத அந்த முடிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த மொட்டைக்காகக் கணவரோடு மல்லுக்கு நின்றேனோ, அந்த மொட்டையே அவளைக் காப்பாற்றியது.

"இதை ஏன்மா மறைச்சே?" என்று கேட்டார் டீச்சரம்மா. பயந்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். "நீங்க வேண்டுதல்ங்கறீங்க, நாங்க பொருத்தனைங்கறோம். சொன்னதைச் செலுத்தினவங்கள யாராவது வெளியே நிறுத்துவாங்களா? வெளிய உக்காரு. பாஸ்டர் ஐயா வந்ததும் பேர் எழுதிடலாம்" என்றார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

வெளியே வந்தேன். வராந்தாப் படியில் அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பையன் அவள் மடியில் சாய்ந்திருந்தான். அவன் தலையைப் பார்த்தேன். அந்தச் சுருட்டை, அந்தக் குருவிக்கூடு. எனக்குச் சுரீரென்றது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருப்பது ஒரே இடம், அவன் சபைப் பிள்ளை. அவன் காதைத் தொட்டால் என் பெண் திருத்தணிக்குத்தான். பேசாமல் இரு, பேசாமல் இரு என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் என் பெண்ணின் தலையை ஒற்றிவிட்ட அந்தப் புடவைத் தலைப்பு இப்போது அவள் கண்ணீரில் நனைந்துகொண்டிருந்ததே, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? வாய் தானாகப் பேசிவிட்டது.

"அழுவாத. கேட்டாண்ட பார்பர் உக்காந்துக்கினு கீறாரு பாரு. புள்ளைக்கு ஒட்ட வெட்டிக்கினு வா. முடிதான் தடுக்குது."

"நெஜமாவாக்கா?" என்றவள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓடிய பிறகு, "உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆளில்லையே" என்று என்னையே திட்டிக்கொண்டேன். பெண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது பையனை அடையாளமே தெரியவில்லை, தோலுரித்த பனங்காய் மாதிரி இருந்தான். டீச்சரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தூக்கு" என்றார். கை அழகாகக் காதைத் தொட்டது.

மூப்பர் என் பக்கம் திரும்பினார். "அப்போ சபைப் பிள்ளை வந்துட்டான். நீ அடுத்த வருஷம் வாம்மா."

என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. தெரிந்தே செய்தது, யாரை நோவது? பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அப்போது அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"ஐயா, முடிய வெட்டிக்கினு வான்னு சொன்னதே இந்த அக்காதான். எடம் ஒண்ணுதான்னு தெரிஞ்சே சொல்லிச்சு. அக்கா பொண்ண அனுப்பிட்டு எம்புள்ள அந்த எடத்துல உக்காந்தா எனக்கு எப்படி சோறு எறங்கும்?"

டீச்சரம்மா மூப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் இரண்டும் இது எதையும் கவனிக்காமல், ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தன. மூப்பர் அவர்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கையைத் தூக்கித் தன் வழுக்கைமேல் கொண்டுபோய்க் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவரே சிரித்துவிட்டார். அந்த முகத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை.

உள்ளே போய் மூலையில் நின்றார். "டீச்சரம்மா, இந்த மேஜைய வராந்தால போட்டுட்டா ரெண்டு புள்ளைங்க தாராளமா உக்காரும் இல்ல?"

"பெட்டி?" என்று கேட்டார் டீச்சரம்மா. "வராந்தாவுல பூட்டு இல்லையே ஐயா."

"பொட்டி எங்க வூட்ல இருக்கட்டும். ஞாயித்துக்கெழம நானே தூக்கிக்கினு வரேன். சாமிக்கு வாசிக்கிற பொட்டி, புள்ளைங்க எடத்த அடைச்சிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஆர்மோனியத்தை அவர் இறக்கி வைத்தார்; மேஜையை அவரும் அந்தப் பெண்ணும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வராந்தாவில் போட்டோம். அது இருந்த இடத்தில் டீச்சரம்மா பாயைக் கொஞ்சம் இழுத்துவிட்டார். இரண்டு மொட்டைகளும் அதில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டன. நான் எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன். இரவு கணவரிடம் சொன்னேன். "முன்னாடியே முடி குடுக்கணும்னு சொன்னது யாரு?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் மனுஷன். அந்த ஒரு நாள் மட்டும் நான் எதிர்த்துப் பேசவில்லை.

அதன் பிறகு என் பெண் அந்தப் பள்ளியில் படித்து முடிக்கும்வரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு வழியாக அந்த மூப்பர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். கேரியரில் ஆர்மோனியம் கயிற்றால் கட்டியிருக்கும். மழை பெய்தால் அதற்கு மேல் ஒரு சாக்கு. எங்கள் வீட்டைத் தாண்டும்போது என் பெண் வாசலுக்கு ஓடி, வணக்கம் சொல்வதற்குப் பதிலாக வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்டுவாள். முடி நன்றாக வளர்ந்துவிட்டது, இருந்தாலும் கையும் வளர்ந்துவிட்டதே! அவரும் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துத் தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவார். வண்டி ஒரு ஆட்டம் ஆடும், பெட்டி எங்கே விழுந்துவிடுமோ என்று நான் பதறுவேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும், யாரிடமாவது இடமில்லை என்று சொல்ல என் வாய் திறக்கும்போதெல்லாம், நகர்த்தி வைக்கக்கூடிய பெட்டி ஏதாவது மூலையில் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.