மூன்று நாற்காலி உயரத்தில் அத்தை

நான்காம் வகுப்பில் நான் வகுப்புத் தலைவி. டீச்சர் வெளியே போனதும் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதும், மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுப்பதும் என் வேலை. அந்த வேலையை நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்றால், அந்த வருடம் எனக்கு ஒரு சினேகிதிகூடக் கிடையாது. அதனால் அத்தை இடுப்பு ஆபரேஷன் முடிந்து மதுரையிலிருந்து வீடு திரும்பியபோது, அவளைப் பார்த்துக்கொள்ளத் தகுதியான ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருடமே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள், அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இருந்தாள் என்பதுகூடச் சரியில்லை. விடிந்ததும் கிளம்பிவிடுவாள். எங்கள் பக்கம் திராட்சைக் கொடி தலைக்கு மேலே பந்தலில் படர்ந்திருக்கும். பழம் இறக்கிய பிறகு கவாத்து செய்து பழைய கொடியை வெட்டிவிட்டால்தான் புதுத் துளிர் விடும். அப்படிக் கவாத்து வெட்டப் போகும் ஒன்பது பெண்களில் அத்தைதான் தலைவி. அவளுக்குக் கைராசி என்று பெயர். முதல் கொடியை அத்தை வெட்டினால் கொத்து நிறையப் பிடிக்கும் என்று தோட்டக்காரர்கள் நம்பினார்கள். அவள் நாள் சொன்ன பிறகுதான் பலபேர் கவாத்தே வைப்பார்கள்.

ஒரு மழை நாளில் யாரோ ஒருத்தியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தவள், சறுக்கித் தார்ச்சாலையில் விழுந்தாள். இடுப்பு மூட்டு உடைந்துவிட்டது. பழைய எலும்பை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு பந்து வைத்து அனுப்பினார்கள்.

பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபி அக்கா ஒரு பட்டியலும் சொல்லிவிட்டுப் போனார். குனியக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது. எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழ வேண்டும். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வு என்பதால் அப்பா மூன்று நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். என் கண்ணுக்கு அது சிம்மாசனமாகத் தெரிந்தது. ஒரு தடவை ஏறி உட்கார்ந்து அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன்.

அத்தைக்கோ அந்த நாற்காலியைக் கண்டாலே ஆகாது. எங்கள் வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அப்பா கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வரும் சத்தம் கேட்டால் போதும், அத்தை கையை ஊன்றாமல் விசுக்கென்று எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உட்காரச் சொல்லி அம்மா கெஞ்சுவாள்.

"அண்ணன் தரையில உக்காந்து சாப்புடுறாக. நான் அவுக தலைக்கு மேல காலத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கவா?" என்பாள் அத்தை.

நான் விடுவேனா? பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் ஒன்று என்னிடம் இருந்தது. அடுப்படிக் கதவின் பின்பக்கம் 'அத்தை, கை ஊன்றவில்லை' என்று எழுதி, அப்படி எழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு இழுத்தேன். ஒரே வாரத்தில் பாதிக் கதவு நிறைந்துவிட்டது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா அத்தையிடம், "நீ எதுக்குத்தா மனசப் போட்டு ஒழப்பிக்கிற? இனிமே வேலைக்கெல்லாம் போக வேணாம். பேசாம வீட்டுல இரு. ஒனக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊத்த எங்களால முடியாதா?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அத்தை தட்டை அப்படியே வைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. வேலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, சிம்மாசனம் வேறு. இதற்கு மேல் ஒரு ஆளுக்கு என்ன வேண்டும்?

ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் கழிந்திருக்கும். அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். வருடா வருடம் அத்தைதான் அவருடைய தோட்டத்தில் முதல் வெட்டு வெட்டுவாள். அவர் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தே பேசினார். "முத வெட்டுக்கு வேற கை பாத்துக்கிறேன்ப்பா. பாவம், இடுப்புல இரும்ப வச்சிருக்காக. தப்பா எடுத்துக்கிறாதீக."

அப்பா தலையாட்டிவிட்டார். முதல் வெட்டு ஒரு தடவை கை மாறினால் மாறினதுதான். அடுத்த தோட்டக்காரரும் அந்தப் புதுக் கையைத்தான் தேடிப் போவார். இது எனக்கே தெரியும் என்றால் அத்தைக்குத் தெரியாதா? கையை ஊன்றாமல் எழுந்து நின்றாள். நான் சாக்பீஸை எடுத்தேன்.

"ராசி கையிலதான இருக்கு? இடுப்புலயா இருக்கு?" என்றாள் அத்தை. பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "அண்ணே, குனியத்தான கூடாதுன்னாக? நாத்து நடவா போறேன்? பந்தலு தலைக்கு மேல கெடக்கு. நின்ன வாக்குல வெட்டப் போறேன். எனக்குன்னே செஞ்சு வச்ச வேல இது ஒண்ணுதான்."

தோட்டத்து வேலை என்றாலே குனிகிற வேலை என்று மூன்று மாதமாக வீடே நினைத்துக்கொண்டிருந்தது. திராட்சையிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. அப்பா மட்டும், "நடுவுல வாய்க்கா இருக்கேத்தா" என்று இழுத்தார். மூன்று வாரம் இருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தோட்டக்காரர் நழுவிவிட்டார்.

நிற்கலாம், நடக்கலாம், தோளுக்கு மேலே கை தூக்கலாம், ஆனால் ஈரத்தில் வழுக்கிவிடக் கூடாது என்றார் பிசியோதெரபி அக்கா. மறுநாளே அத்தை கொல்லையில் துணிக்கொடியைப் பந்தல் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினாள். அதில் காய்ந்த திராட்சைக் குச்சிகளைத் தொங்கவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் கத்தரித்துப் பழகினாள். முதல் நாள் பத்தாவது குச்சியிலேயே வேர்த்து விறுவிறுத்துப் போய் நாற்காலிக்குத் திரும்பினாள். மறுநாள் இருபது. வாய்க்காலுக்குப் பதிலாகச் செங்கலை இரண்டு வரிசை அடுக்கி, கம்பை ஊன்றி ஏறி இறங்கினாள். ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் கால் என்பது விதி. நான் பக்கத்திலேயே நின்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கத்தரி கைதவறிக் கீழே விழுந்தது. அத்தை அதை எடுக்கக் குனியப் போனாள். நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. மறுநாள் காலையில் பார்த்தால் என் தண்ணீர் பாட்டிலின் தோள்வாரைக் காணோம். அது அத்தையின் மணிக்கட்டுக்கும் கத்தரியின் பிடிக்கும் நடுவில் இருந்தது. கதவில் 'திருட்டு' என்று புதிதாக ஒரு தலைப்பு எழுதினேன். அதைப் படித்துவிட்டு அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கவாத்து சனிக்கிழமையில் வந்ததால் நானும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். தோட்டக்காரர் சூடம் கொளுத்தினார். வேறொருத்தியும் கத்தரியோடு தயாராக நின்றிருந்தாள். அத்தை யாரையும் கேட்கவில்லை. நேராக முதல் கொடியின் கீழே போய்க் கம்பைக் கல்தூணில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கினாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. கொடி அவள் தோளில் விழுந்து தரைக்குப் போனது. கத்தரியோடு நின்றவள்தான் முதலில் குலவை போட்டாள்.

பாதி வரிசையில் வாய்க்கால் குறுக்கிட்டது. செங்கல் போல அது சாதுவாக இல்லை, சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. நாலு பேர் கை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கம்பை ஊன்றியவள், அப்படியே நின்றுவிட்டாள். எந்தக் காலை வைப்பது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குறப்ப ஆபரேசன் காலு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தை ஆபரேஷன் காலை இறக்கினாள். "ஏறுறப்ப நல்ல காலு!" என்று இந்தத் தடவை மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து கத்தினார்கள். அத்தை ஏறிவிட்டாள். அதன்பிறகு வாய்க்கால் வந்தபோதெல்லாம் அந்த எட்டுப் பேரும் நாற்று நடுகிற பாட்டுப்போல அதை ராகம் போட்டுப் படித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வகுப்பில் ஒரு நாளும் யாரும் எனக்கு இப்படிக் கீழ்ப்படிந்ததில்லை.

வெட்டிய கொடியை அவரவரே பொறுக்கி வரப்பில் போடுவது வழக்கம். அன்றைக்கு அத்தையின் கொடிகளை மற்றவர்கள் பொறுக்கினார்கள். அத்தை நல்ல உயரம், அதனால் அவர்களுக்கு எட்டாத கொடிகளை அவள் வெட்டிக்கொடுத்தாள். நடுவில் இரண்டு தடவை, கவிழ்த்துப் போட்ட உயரமான பழக்கூடையில் உட்கார்ந்து எழுந்தாள். பொழுது சாயும்போது தன் பங்கு வரிசையை மூன்றாவது ஆளாக முடித்தாள். தோட்டக்காரர் இந்தத் தடவை அப்பாவைத் தேடவில்லை. அத்தையிடமே வந்து, "ஆத்தா, வர்ற வெள்ளிக்கெழம எங்க மச்சான் தோட்டம். முத வெட்டு நீதான் வெட்டணும்" என்றார். "நாள் பாத்துச் சொல்றேன்" என்றாள் அத்தை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தலையெல்லாம் சருகோடு அத்தை மூன்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால்கள் தொங்கின. கொல்லையில் அப்பா கைகால் கழுவும் சத்தம் கேட்டது. நான் சாக்பீஸோடு கதவுப் பக்கம் போய் நின்றேன். அப்பா வந்தார், தரையில் உட்கார்ந்தார், அம்மா தட்டு வைத்தாள். அத்தை எழவில்லை. காலைக்கூட மடக்கவில்லை.

"அண்ணே, தோளு ரெண்டும் விட்டுப் போச்சு. அந்தத் தண்ணிச் செம்ப இங்கன எடுத்துக் குடுங்க" என்றாள்.

அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்ச் செம்பை எடுத்து, அண்ணாந்து பார்த்து அவளிடம் நீட்டினார். அவர் முகம் ஏன் அப்படி மலர்ந்திருந்தது என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. கதவு நிறைய இருந்த கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அத்தையின் பெயருக்கு நேரே 'வெரி குட்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். நான் இத்தனை நாள் கண்டிப்பாக இருந்ததால்தான் ஒருவழியாக அத்தைக்குப் பிசியோதெரபி அக்கா சொன்னபடி உட்காரத் தெரிந்துவிட்டது என்று, வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.