கிணற்றில் இறங்கிய மின் சுத்தியல்

அண்ணை அந்த மின் சுத்தியலைக் கழற்றி, முற்றத்தில் விரித்த சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்த காலைப்பொழுது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது கடைகளில் ஒரு கையால் தூக்கக்கூடிய சுத்தியல்கள் இருக்கின்றன. அது அப்படியல்ல, வளர்ந்த ஆட்டுக்குட்டியின் பாரம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரப் பட்டாளத்தார் விட்டுப்போன சாமான்கள் ஏலத்துக்கு வந்த காலம். அவர்களுடைய வேலைத்தளத்தில் அதே சுத்தியலால் கல்லுடைத்த அண்ணை, அதையும் ஒரு சின்ன ஜெனரேற்றரையும் ஏலத்தில் எடுத்து எங்கள் ஊரான உரும்பிராய்க்கு வண்டியில் கொண்டுவந்திருந்தார்.

பக்கத்தில் குந்தியிருந்த தன் மனைவிக்கு, என் மச்சாளுக்கு, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டினார். மோட்டர் சுழலும், பற்சக்கரம் அந்தச் சுழற்சியை ஒரு வளைந்த தண்டுக்குக் கொடுக்கும், தண்டு பிஸ்டனை உருளைக்குள் முன்னும் பின்னும் தள்ளும். பிஸ்டனுக்கு முன்னால் ஒரு இரும்புக்கட்டி தனியே கிடந்தது.

"இரண்டுக்கும் நடுவிலை ஒண்டையும் காணேல்லையே?" என்று மச்சாள் கேட்டார்.

"காத்து இருக்கு. பிஸ்டன் வரேக்கை காத்து நெரிபடும். நெரிபட்ட காத்து உந்தக் கட்டியைத் தூக்கி எறியும். அது போய் உளியின்ரை தலையிலை அடிக்கும்."

அவர்களுடைய புது வீட்டு வளவில் கிணறு இல்லை. அடுத்த வளவில் அள்ளப் போனால், மச்சாளையும் பிள்ளைகளையும் கண்டதும் வாளியை எடுத்து ஒளித்துவிடுவார்கள். அண்ணை வெட்டத் தொடங்கிய கிணறு பாதியில் சுண்ணாம்புக் கல்லில் முட்டி நின்றது. அலவாங்கின் இரும்பு முனை பட்டால் பொறி பறந்ததே தவிர கல் அசையவில்லை. வெடி வைத்தால் வீட்டுச் சுவர் பிளக்கும். அதனால்தான் அந்தச் சுத்தியல்.

வேலி ஓரத்தில் ஜெனரேற்றர் இரைய, வயர் கிணற்றுக்குள் தொங்கும். அண்ணை கீழே நின்று கல்லைப் பிளப்பார்; மேலே உதவிக்கு ஒருவர் நிற்பார். பொழுதுபட ஏறி வந்தால் தேத்தண்ணிக் கோப்பை அவர் கையில் நடுங்கும். மச்சாள் தானே பிடித்துப் பருக்குவார்.

ஒருநாள் காலை சுத்தியல் நின்றது. கீழேயிருந்து அண்ணையின் குரல் கேட்டது.

"இஞ்சேரும், தண்ணி! தண்ணி வருது!"

நானும் மச்சாளும் ஓடினோம். கல்லிடுக்கில் நீர் மினுங்கியது.

"ஏறி வாங்கோ, போதும்" என்றார் மச்சாள்.

"உந்தக் கல்லை ஒருக்கா உடைச்சுப்போட்டு வாறன்."

சுத்தியல் மறுபடி அதிர்ந்தது. அண்ணை சத்தமில்லாமல் சரிந்தார். கல்லில் உராய்ந்து உராய்ந்து வயரின் றப்பர் தேய்ந்திருந்ததைப் பிறகுதான் கண்டோம். உதவிக்கு நின்றவர் ஜெனரேற்றரை நிற்பாட்டி, இறங்கிக் கயிறு கட்டித் தூக்கியபோது உயிர் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் மச்சாளின் தகப்பனார் மண் வண்டிகளோடு வந்தார்.

"உயிர் குடிச்ச கிணறு பிள்ளை. தூர்த்துவிடுவம்."

"விடமாட்டன், ஐயா. என்ரை பிள்ளையள் அடுத்த வளவிலை போய் நிக்கக்கூடாதெண்டுதான் அவர் இறங்கினவர்."

தகப்பனார் வண்டிகளைத் திருப்பினார்.

மச்சாள் வாளியை இறக்கி அள்ளினார். எங்கள் பக்கம் எத்தனையோ கிணறுகள் உவர்த்துப்போகும். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு அசையாமல் நின்றார்.

"உப்போ, மச்சாள்?" என்று கேட்டேன்.

"நல்ல தண்ணி" என்றார். செத்தவீட்டிலும் அழாதவர், கிணற்றடியில் அப்படியே குந்திவிட்டார்.

"அவருக்குத் தெரியாமல் போச்சே, பிள்ளை."